சீர் லிஸ்ட்டில் நான் சேர்க்காத பொருள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் இறங்க வேண்டிய ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. அங்கே எங்கள் வீட்டு ஹாலில், காலை பத்தரை மணிக்கு நடந்தது இது. நடந்தபோது நான் அங்கே இல்லை. ஒரகடம் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமனாரும் மாமியாரும் இல்லை. என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். அண்ணனுக்கு விவசாயம். என் கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். நான் காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப சாயங்காலம் ஐந்தாகிவிடும். ஆக, இரண்டு மாடு, நடவுக்கு வரும் ஆட்களுக்குச் சோறு, எனக்கும் என் கணவருக்கும் டிபன் பாக்ஸ், பிறகு என் குழந்தை என்று அத்தனையும் ஒரே ஆள் தலையில். அந்த ஆள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் குழந்தை இல்லை.

வீட்டு வேலை அவள் பொறுப்பு என்றால், வீட்டுக்குப் பொருள் வாங்குவது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு மிக்சி வாங்குவதென்றாலும் வாங்கினவர்கள் எழுதியிருப்பதையெல்லாம் போனில் ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். தெருவில் யார் என்ன வாங்கினாலும் என்னை ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த மிதப்பில்தான் முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினை வாங்கினேன். பாதியில் கரண்ட் போனால் அதன் கதவு திறக்காது என்பதை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டேன். முதல் வாரமே என் கணவருடைய யூனிஃபார்ம் உள்ளே மாட்டிக்கொண்டது. அக்கா மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னா கண்ணு, துணிய ஜெயில்ல போட்டுட்ட? எப்ப வுடுவாங்களாம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்த மெஷினை வாங்குமுன் தினமும் துணி துவைக்கிறவளை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பில் எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பிரசவத்துக்குத் திருப்புட்குழிப் பக்கம் உள்ள என் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட வாங்க மாட்டார்கள். பிறந்து ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விடும்போது தாய்வீட்டார் சீர் வைப்பார்கள். கொண்டுவந்த பொருளையெல்லாம் ஹாலில் பாய் விரித்துப் பரப்பி வைக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேசி முடிப்பார்கள்.

என் சீர் லிஸ்ட்டை நானே எழுதினேன். தொட்டில், அரைஞாண் இதெல்லாம் எல்லோரும் வைப்பதுதான், புதுசாக இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி, சக்கரம் வைத்த வாக்கர், பால் புட்டிகளை ஆவியில் சுத்தம் செய்யும் மெஷின், சுவரில் மாட்டிவிட்டால் எங்கிருந்தும் போனில் குழந்தையைப் பார்க்கும் கேமரா. அப்பா மறுபேச்சு பேசாமல் தலையாட்டினார்.

லிஸ்ட் எழுதுவது தெரிந்து அக்கா போன் செய்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடமோ வேறு யாரிடமோ ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத. பாத்ரூம்லயே சுடுதண்ணி வர்ற மாரி மெஷின் ஒண்ணு கீதே, அத லிஸ்ட்ல சேத்துக்கோயேன். கொயந்தைக்கு தெனம் தண்ணி ஊத்தணும். ஹால்ல கம்பி போட்டு காய வெச்சு, அந்த பக்கெட்ட தூக்கிக்கினு போறதுக்கு பயமா கீது."

அவள் சொன்னது நியாயம். எங்கள் பாத்ரூமில் பிளக் பாயின்ட் கிடையாது. ஹால் மூலையில் இருக்கும் பிளக்கில் ஹீட்டர் கம்பியைச் செருகி, அங்கேயே பக்கெட்டில் தண்ணீரைக் காய வைத்துத்தான் தூக்கிப் போக வேண்டும். "பாக்கறேங்க்கா" என்றேன். பார்க்கவில்லை. பாயில் பரப்பினால் அது ஒரு வெள்ளைப் பெட்டி, அதை யார் பார்த்து என்ன மெச்சப் போகிறார்கள்? புகுந்த வீட்டு பாத்ரூமுக்கு என் அப்பா ஏன் செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. இதை எழுத இன்றைக்கும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வைகாசியில் சீர் வந்தது. நினைத்தபடியே தள்ளுவண்டியைப் பார்க்கத் தெருவே வந்தது. ஆரத்தி எடுத்து, குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோய்த் தொட்டிலில் போட யாராவது முன்னே வர வேண்டும். பிள்ளை இல்லாதவள் என்று அக்கா தானாகவே பின்னால் ஒதுங்கி நின்றாள். நான் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பதைப் பொருட்படுத்தாமல் நேராகப் போய் அவள் கையில்தான் குழந்தையைக் கொடுத்தேன். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அன்று எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

சீர்ப் பொருட்களின் கதி என்ன ஆனது தெரியுமா? தள்ளுவண்டி எங்கள் தெருவின் பெயர்ந்துபோன சிமென்ட் ரோட்டில் பத்தடிகூட நகரவில்லை. அதில் கடைசியாகப் பயணம் செய்தது அரை மூட்டை தவிடு. புட்டி சுத்தம் செய்யும் மெஷினில் அக்கா பிடிகொழுக்கட்டை வேகவைத்தாள். நன்றாகவே வெந்தது. வாக்கரை மட்டும் அவள் பரணில் ஏற்றி, மேலே ஒரு கோணியைப் போட்டு மூடிவிட்டாள்.

உருப்படியாக ஓடியது கேமராதான். ஆடியில் நான் வேலைக்குத் திரும்பினேன். எங்கள் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பத்தரைக்கு டீ நேரம், பத்து நிமிடம், அப்போது மட்டும் எடுத்துப் பார்க்கலாம். நான் அந்த நேரத்தில் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், அக்கா தினமும் பத்தரைக்குக் குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கேமரா முன்னால் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். "அம்மாவுக்கு டாட்டா சொல்லு. அம்மா டீ குடிக்கறா பாரு" என்பாள். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் ஏங்கிப் போயிருப்பாளே என்றுதான் அவள் நினைத்தாள்.

நான் பார்த்ததோ வேறு. என் வேலை குவாலிட்டி செக்கிங். வரும் பொருளில் கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று எட்டு மணி நேரம் பார்ப்பவள். அந்தக் கண்ணோடுதான் போனையும் பார்த்தேன். குழந்தைக்கு ஏன் சட்டை மாற்றவில்லை, டிவி ஏன் ஓடுகிறது, மாட்டைத் தொட்ட கையைக் கழுவினாளா? பத்து நிமிடத்தில் ஏழெட்டு குறை கண்டுபிடித்துவிடுவேன். குழந்தையைப் பார்க்க வாங்கிய கேமராவில் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் குழந்தைக்கு ஒன்பது மாதம். கேன்டீனில் ஒரு தோழி, தன் பிள்ளை வாக்கரில் வீடு முழுக்க ஓடுவதை வீடியோவில் காட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, அந்த வாக்கர எறக்குங்க."

"வாணா கண்ணு. அதுல குந்த வெச்சா சர்ருனு எங்கியாச்சும் பூடும். நான் மாட்டாண்ட கீறனா, அடுப்பாண்ட கீறனான்னே இல்ல. இடுப்புலியே இருக்கட்டும், எனக்கு இன்னா பாரமா?"

"எங்கப்பா ஆசையா வாங்கிக் குடுத்தது பரண்ல தூசி புடிக்கணுமா? நாளைக்கு டீ டைம்ல நான் பாக்கறப்போ பாப்பா அதுலதான் இருக்கணும்."

அக்கா என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி கண்ணு" என்றாள். அவளே ஸ்டூல் போட்டு ஏறி, வாக்கரை இறக்கித் துடைத்தும் வைத்தாள்.

மறுநாள் பத்தரைக்குப் போனைத் திறந்தேன். ஹாலில் யாருமே இல்லை. வாக்கர் ஒருக்களித்துக் கிடந்தது. பக்கெட் உருண்டு கிடந்தது. தரை முழுக்கத் தண்ணீர், அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ என் குழந்தை வீறிட்டு அழுவது மட்டும் கேட்டது.

போனைப் பையில் திணித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினேன். என்ன சொன்னேன் என்றே நினைவில்லை, அவர் போகச் சொல்லிவிட்டார். ஷேர் ஆட்டோ பிடித்து, இரண்டு பஸ் மாறி ஊர் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியெல்லாம் அக்காவுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கேமராவைத் திறந்தால் சிக்னல் இல்லாமல் வட்டம் சுற்றியது. குழந்தையின் கால் வெந்திருக்குமா, முகமா என்று மாறி மாறி நினைத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பயம் கொஞ்ச தூரத்தில் கோபமாக மாறிவிட்டது. எங்கே போயிருந்தாள் இவள்? மாட்டுக்குத் தண்ணி காட்டவா? அரட்டை அடிக்கவா? பஸ்ஸிலேயே நான் விசாரித்து, நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

வீட்டுக்குள் ஓடினால், குழந்தை பாயில் உட்கார்ந்து கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். வாரி எடுத்து மேலெல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. அந்த நிமிடமே நான் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபம் அடங்கவில்லை.

அக்கா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "கண்ணு, கொயந்தைக்கு ஒண்ணும் ஆவல. நம்மூரு நர்சம்மாகிட்ட இட்டுக்கினு போயி காட்டிட்டேன். அந்த அவசரத்துல போன வூட்லியே வெச்சுட்டு..." என்று ஆரம்பித்தாள்.

நான் முடிக்க விடவில்லை. "பேசாதீங்க! உங்க வயித்துல பொறந்ததா இருந்தா இப்படி வுட்டுட்டு போயிருப்பீங்களா? பெத்தவளுக்குத்தான் அந்தப் பதைப்பு தெரியும்!"

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நடவிலிருந்து சாப்பிட வந்த அவளுடைய புருஷன் அப்போதுதான் கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அக்கா மெதுவாகத் திரும்பி அடுப்படிக்குள் போனாள். நடவாட்களுக்குச் சோறு போக வேண்டுமே. அவள் காலை இழுத்து இழுத்து நடந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. கீறலையும் பிசிறையும் கண்டுபிடிக்கும் இந்தக் கண்ணுக்கு அது தெரியவில்லை.

சாயங்காலம் என் கணவர் வந்தார். நான் நடந்ததை, அதாவது நடந்ததாக நான் முடிவு செய்ததைச் சொன்னேன். அவர் என் போனை வாங்கினார். கேமராவில் எல்லாம் பதிவாகும் என்பது எனக்கும் தெரியும். அன்று முழுக்க எனக்கு அதைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவர் தனியாகப் பார்த்துவிட்டு, போனை என் கையில் வைத்தார். "பாரு" என்றார்.

பார்த்தேன். நான் கண்டித்துச் சொன்னேன் அல்லவா, அதற்காகவே அக்கா குழந்தையை வாக்கரில் உட்கார வைத்து, நேராகக் கேமராவைப் பார்க்கும்படி நிறுத்துகிறாள். தரையில் சக்கரம் ஓடாமல் இருக்க முன்னால் ஒரு தலையணையைப் போடுகிறாள். மூலையில் கம்பி போட்ட பக்கெட்டில் தண்ணீர் காய்கிறது. அடுப்படியில் ஏதோ பொங்குகிற சத்தம். "தோ வந்துட்டேன் கண்ணு" என்று உள்ளே போகிறாள். அவள் போய் நான்கு மூச்சு விடுவதற்குள் குழந்தை தலையணையைச் சுற்றிக்கொண்டு சர்ரென்று மூலைக்குப் போய்விட்டது. ஒயரைப் பிடித்து இழுத்ததில் பிளக் கழன்றது. மறுபடியும் இழுக்க, பக்கெட் ஆடியது.

அக்கா ஓடிவந்தாள். குனிந்து தூக்க நேரமில்லை. ஒரு காலால் வாக்கரை எட்டித் தள்ளினாள், மற்றக் காலைப் பக்கெட்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் வைத்தாள். மொத்தத் தண்ணீரும் அந்தக் காலில் சாய்ந்தது. அவள் கத்தவில்லை. கவிழ்ந்த வாக்கரிலிருந்து குழந்தையை உருவி எடுத்துக்கொண்டு கேமராவின் பார்வையிலிருந்து மறைந்தாள். பாத்ரூமில் குழாய்த் தண்ணீரைக் குழந்தை மேல் ஊற்றியிருக்கிறாள். நான் கேன்டீனில் பார்த்தது அந்த நேரத்தைத்தான்.

நான் போனை மூடிய பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அரை நிமிடத்தில் அவள் திரும்ப வந்தாள். நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றாள். சட்டை கழற்றிய குழந்தையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"கண்ணு, பாத்துக்கினு கீறியா? பயந்துடாத. ஒண்ணும் ஆவல. பாரு, கை பாரு. கால் பாரு. தோ, முதுகு பாரு. ஒரு பொட்டு சுடுதண்ணி படல. நீ பதறிக்கினு ஓடியாராத, வேலைய பாரு."

குழந்தையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவள் புடவை முழங்காலுக்குக் கீழே நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

அடுப்படிக்கு ஓடினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து அவள் புடவையைத் தூக்கினேன். முழங்காலிலிருந்து பாதம் வரை தோல் உரிந்து, நர்சம்மா தடவிய களிம்பு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி அந்த அம்மா சொல்லியிருக்கிறார். நான் பதறிக்கொண்டு வருவேன், வந்து பார்த்தால் வீட்டில் குழந்தை இருக்க வேண்டும் என்று இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தக் காலோடு சோறு வடித்து, நடவாட்களுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சொல்லியிருக்கக் கூடாதாக்கா? என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"உடு கண்ணு. பெத்த வயிறு, பதறத்தான செய்யும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் மத்தியானம் எறிந்த வார்த்தையை அவள் அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

என் கணவர் அவளை உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஆற இரண்டு மாதம் ஆனது. அந்த வாரமே நான் வாக்கரை உடைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன், கேமராவைக் கழற்றினேன், எலக்ட்ரீசியனை வரவழைத்து பாத்ரூமில் ஒயர் இழுத்து சுடுதண்ணீர் மெஷினும் மாட்டினேன். அதன் கைப்பிடியைத் திருப்பிக் காட்டியபோது அக்கா சிரித்தபடி, "நல்லா கீது கண்ணு" என்றாள். இப்போது என்ன வாங்குவதானாலும் அதை யார் கையாளப் போகிறார்களோ அவர்களிடம் முதலில் போய் நிற்கிறேன். பொருள் தேர்ந்தெடுக்க ஒருவழியாகக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

இன்றும் ஒரே வீடுதான், ஒரே அடுப்புதான். என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அக்காவிடம்தான் அவளுக்கு ஒட்டுதல் அதிகம். அக்காவும் அவளுக்குத் தலை பின்னுகிறாள், சோறு ஊட்டுகிறாள், எதிலும் குறை வைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள், அதற்கு முன் குழந்தை விஷயத்தில் எதற்கும் என்னைக் கேட்காதவள், இப்போது எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறாள். "பாப்பாவ கடைக்கு இட்டுக்கினு போவட்டா கண்ணு?" "தல குளிப்பாட்டட்டா?" போன வாரம் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தை கை நீட்டி நிற்க, என்னைத் திரும்பிப் பார்த்து, "குடுக்கட்டா?" என்றாள்.

"இதெல்லாம் ஏங்க்கா என்னைக் கேக்கறீங்க? அவ உங்க பொண்ணுதானே?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு, மறுநாள் மறுபடியும் கேட்கிறாள். தன் காலைக் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளைக்கு ஒரு முறுக்கு கொடுக்கக்கூட அவள் என் முகத்தைப் பார்க்கும்படி செய்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் "குடுங்கக்கா" என்கிறேன்.